வற்றும் பெருக்கும்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழின் தொன்மை பற்றியோ, பெற்றோரின் கடமை பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். அவற்றை எம்மினும் சிறப்பாக எழுத வல்லோர் இப்பாடசாலையிலே பலர் உளர். ஆதலின், எமது குடும்பத்தார் ஐவரும் 1998ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் மேற்கொண்ட சிறு பயணம் ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். அது பெரிய பயணமன்று. இரண்டு இரவும் இரண்டு பகலும். சென்ற இடம் வேல்ஸ் நாட்டின் வடகரையிலே, கொன்வி ஆறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த கொன்வி என்னும் சிற்றூர். செலவு 120 பவுண். அதனால் எமக்குக் கிடைத்த வரவை இன்றுவரை எம்மால் கணக்கிட முடியவில்லை.

பயணம் எழுந்த காரணம்

அக்காலத்தில் நாம் தென் இலண்டனிலே இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில் வாழ்ந்தோம். பகலிலே ஒரு பண்டகசாலையிலும், வார இறுதி இரவுகளில் ஒரு பெற்றோல் நிலையத்திலும் எமக்கு வேலை. துணைவியார் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்தார். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. எமது தாயார் ஊரிலிருந்து வந்து ஓராண்டும் நிறையவில்லை. 1991இல் காரைநகரை விட்டும், 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டும் இடம்பெயர்ந்து, பின்னர் கொழும்பிலே பல மாதங்கள் காத்திருந்து எம்மிடம் வந்து சேர்ந்தவர் அவர். கடலின் ஓசை கேட்டே வளர்ந்த அவருக்கு இலண்டனின் கூரைகளையும் புகைபோக்கிகளையும் பார்த்து அலுத்துவிட்டது.

"இது தீவு எண்டு சொல்லுறியள். அப்ப கடல் எங்க மோனை?" என்று ஒருநாள் கேட்டார்.

அதே வாரத்தில் வீட்டில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. மகள் அப்பொழுதுதான் மேல்நிலைப் பாடசாலையிற் சேர்ந்திருந்தாள். புதிய தோழியர் சனிக்கிழமைகளில் நீந்தப் போகின்றனர். தான் மட்டும் தமிழ்ப் பாடசாலைக்குப் போவதா என்பது அவள் மனக்குறை. "இந்தத் தவணையோடு நிறுத்திவிடுகிறேன். இதைப் படித்து நான் யாரோடு பேசுவது?" என ஆங்கிலத்திற் கேட்டாள். தாய்மொழி, பண்பாடு, அடையாளம் என்று நாம் சொன்ன சொற்கள் எவையும் அவள் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால், அவை எமது செவிக்கே மேடைப் பேச்சுப்போல ஒலித்தன.

இவ்வேளையிலேதான் துணைவியார், செய்தித்தாளில் வந்த சலுகைக் கூப்பன்களைப் பல வாரங்களாக வெட்டிச் சேர்த்து வைத்திருந்ததை வெளியே எடுத்தார். அவற்றைக் கொண்டு, கூட்டமில்லாத காலத்தில் ஒரு கரவன் வீட்டை 45 பவுணுக்கு எடுக்க முடிந்தது. பெற்றோலுக்கு 45, கைச்செலவுக்கு 30 எனக் கணக்கிட்டோம். ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு விடுப்புக் கேட்டோம். அந்த ஒரு காரணத்துக்காகவே மகள் மகிழ்ச்சியோடு புறப்பட்டாள்.

ஆற்றின் கீழே ஒரு பாதை

வெள்ளிக்கிழமை பிற்பகல் எமது பழைய மோட்டார் வண்டியிலே ஐவரும் ஏறினோம். வழியில் எங்கும் கடையில் உண்பதில்லை என்பது தீர்மானம். கட்டுச்சோறு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, அவித்த முட்டை, இடித்த சம்பல், பாண், பருத்தித்துறை வடை, சுடுநீர்ப் போத்தலில் தேநீர் ஆகியன எம்முடன் வந்தன. ஏறத்தாழ 240 மைல் தூரம். வேல்ஸ் எல்லையைக் கடந்ததும் வீதிப் பலகைகள் யாவும் இரு மொழிகளில் வரத் தொடங்கின. தார் வீதியிலே பெரிய வெள்ளை எழுத்துகளில் 'ஆராவ்' என்ற சொல்லைக் கண்டு மகன் வியந்தான். மெதுவாகச் செல்க என்பது அதன் பொருள். முன்னால் ஊர்ந்த பாரவண்டி ஒவ்வொன்றையும் பார்த்து அவன் "ஆராவ், ஆராவ்" எனக் கூவிக்கொண்டே வந்தான்.

கொன்வியை அடையும்போது இருட்டிவிட்டது. எமது கரவன் ஊருக்கு மேற்கே இருந்தமையால், ஆற்றின் அடியால் செல்லும் சுரங்கப் பாதை வழியே போக நேர்ந்தது. 1991இல் திறக்கப்பட்ட இப்பாதை, ஆற்றுப் படுகையைத் தோண்டி, முன்னரே வார்த்த பெருங் குழாய்த் துண்டுகளை அமிழ்த்திப் பொருத்தி அமைக்கப்பட்டது. இம்முறையில் பிரித்தானியாவில் அமைந்த முதலாவது வீதிச் சுரங்கம் இதுவே. தலைக்கு மேல் ஆறு ஓடுகிறது என்று மகன் விளக்கியதும், தாயார் கண்களை மூடி "முருகா, முருகா" எனத் தொடங்கியவர், மறுகரை வெளிச்சம் தெரியும்வரை நிறுத்தவில்லை.

மதிலும் சிறு வீடும்

மறுநாட் காலை தூறல் நின்றதும் ஊருக்குள் சென்றோம். ஆற்றோரத்திலே மலைபோல் எழுந்து நிற்கும் கோட்டையைக் கண்டு தாயார் நெடுநேரம் பேசவில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீரின் நடுவில் நிற்கும் கடற்கோட்டையைத் தினமும் பார்த்தவர் அவர். "எங்கட கோட்டை சின்னன். ஆனா இதைப்போலத்தான், தண்ணியைப் பாத்துக்கொண்டு நிக்கும்" என்றார்.

இக்கோட்டையை 1283க்கும் 1287க்கும் இடையில் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வேட் கட்டுவித்தான். வேல்ஸ் மக்களை வென்றடக்கிய பின்னர், அவர்களை அடக்கியே வைத்திருக்க எழுப்பிய கோட்டை வரிசையில் இதுவும் ஒன்று. எட்டுப் பெருங் கோபுரங்கள் இதற்குண்டு. இதனோடு இணைந்த நகர மதில் ஏறத்தாழ 1.3 கிலோமீற்றர் நீளமானது. 21 கோபுரங்களும் மூன்று வாயில்களும் உடையது. 1986இல் இவை உலக மரபுரிமைச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. இவ்விடத்தில் முன்னர் துறவிகளின் மடம் ஒன்றிருந்தது. கோட்டைக்காக மன்னன் அம்மடத்தைப் பெயர்த்து, ஆற்றின் மேற்புறத்தில் உள்ள வேறோர் இடத்துக்கு அனுப்பினான். மதிலுக்குள்ளே ஆங்கிலக் குடியேற்றவாசிகளே குடியமர்த்தப்பட்டனர். வேல்ஸ் மக்கள் அங்கே குடியிருக்கத் தடை இருந்தது.

இவற்றை நாம் தமிழிலே சொல்லிக்கொண்டு வர, தாயார், "அப்ப அந்தச் சாமிமாரும் இடம்பெயர்ந்த ஆக்களோ?" என்றார். அந்தச் சொல்லை அவர் எவ்வளவு இயல்பாகச் சொன்னார் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கின்றது.

மதிலின்மேல் நடப்பதற்குக் கட்டணமில்லை. ஆதலின் அதில் நடக்கக்கூடிய தூரமெல்லாம் நடந்தோம். மேலிருந்து பார்க்கையில் ஆற்றுக்குக் குறுக்கே மூன்று பாலங்கள் அருகருகே தெரிந்தன: 1826இல் தோமஸ் டெல்போட் அமைத்த தொங்குபாலம், 1848இல் றொபேட் ஸ்டீவன்சன் இரும்புக் குழாயாக அமைத்த புகையிரதப் பாலம், 1958இல் வந்த வீதிப் பாலம். கீழே ஆறு வற்றிக் கிடந்தது. படகுகள் சேற்றிலே ஒருபுறம் சாய்ந்து, களைத்த மாடுகள்போலப் படுத்திருந்தன.

படகுத்துறையிலே பிரித்தானியாவின் மிகச் சிறிய வீடு எனப் பெயர்பெற்ற செந்நிற வீடொன்று உண்டு. அகலம் ஆறு அடி. உயரம் பத்து அடி. 1900ஆம் ஆண்டுவரை அதில் குடியிருந்தவர் ஒரு மீனவர்; அவரது உயரமோ ஆறு அடி மூன்று அங்குலம்! பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்தனர். தாயார் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளுக்கு இது காணும். சாவகச்சேரியில ஒரு வகுப்பறைக்குள்ள நாங்கள் நாலு குடும்பம் இருந்தனாங்கள்" என்றார். மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் அதை அதற்கு முன் கேட்டதில்லை.

அவ்வூர்த் துறையில் செலவில்லாத விளையாட்டு ஒன்றுண்டு. நூலிலே இறைச்சித் துண்டைக் கட்டி நீரில் இறக்கி நண்டு பிடிப்பது. தண்ணீர் ஏறத் தொடங்கியதும், இரவுக் கறியில் மிஞ்சிய கோழித் துண்டைக் கொண்டு மகன் ஆறு நண்டுகளைப் பிடித்தான். அருகில் நின்ற சிறுவர்கள் தாம் பிடித்தவற்றை மீண்டும் ஆற்றில் விடுவதைக் கண்ட தாயாருக்குத் தாங்க முடியவில்லை. "பிடிச்சுப்போட்டு விடுறதோ! சரக்குத்தூள் போட்டுக் காய்ச்சினால் எப்பிடி இருக்கும்!" என அங்கலாய்த்தார்.

வாங்கில் நடந்த உரையாடல்

பிற்பகலில் கோட்டைக்குள் செல்ல விரும்பினோம். ஐவருக்கும் நுழைவுச்சீட்டு வாங்கினால் கைச்செலவுப் பணத்தின் பெரும்பகுதி போய்விடும். எனவே மகனும் துணைவியாரும் மட்டும் சென்றனர். தனக்குக் கோட்டை வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த மகள், அப்பம்மாவுடன் துறையிலுள்ள வாங்கில் அமர்ந்தாள். நாம் உருளைக்கிழங்குப் பொரியல் ஒரு பொட்டலம் வாங்கி வரச் சென்றோம்.

திரும்பி வந்தபோது, வாங்கின் மறு ஓரத்தில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அவ்வூர் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் நண்டு வாளியுடன் ஓடி வந்து, ஆங்கிலமல்லாத மொழியொன்றில் எதையோ சொல்லிச் சிரித்துவிட்டு ஓடினர். அவர்களில் மூத்தவளுக்கு எமது மகளின் வயதுதான் இருக்கும். அவர்கள் தம் குரலைத் தாழ்த்திப் பேசவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துப் பேசவுமில்லை. கடைத்தெருவிலே நாம் தமிழில் அழைத்தால் "மெதுவாக" என்று கையைக் கிள்ளும் எமது மகள், அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது என்ன மொழி என்று மூதாட்டியிடம் கேட்டாள். வெல்ஷ் என்றார் அவர். தம்மைப் பிள்ளைகள் 'நைன்' என அழைப்பார்கள் என்றும், வடக்கு வேல்ஸில் அதுவே பாட்டிக்குப் பெயர் என்றும், தெற்கில் வேறு சொல் வழங்கும் என்றும் சொன்னார். "எங்களிலும் அப்படித்தான், இவர் அப்பாவின் அம்மா, ஆகவே அப்பம்மா" என்றாள் மகள். பின்னர் மூதாட்டி தாயாரை நோக்கிப் புன்னகைத்து, "உன் பாட்டியின் ஊர் எப்படிப்பட்டது என்று அவரிடம் கேட்டுச் சொல்வாயா?" என்றார்.

தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. மூதாட்டிக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் இருந்தவள் அவள் ஒருத்தியே. நாம் பத்தடி பின்னால் பொட்டலத்துடன் நின்றோம். அவள் எம்மைக் காணவில்லை. முன்சென்று உதவலாமா என ஒரு கணம் எண்ணினோம், ஏனோ நின்றுவிட்டோம்.

அவள் தட்டுத் தடுமாறிக் கேட்டாள். தாயார் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் இப்படியான ஆறு கிடையாது, மாரியில் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான். ஆனால் கடல் உண்டு, கோட்டை உண்டு, மட்டி உண்டு. "வத்துப்பெருக்கும் இப்பிடித்தான், காலமை வத்து, இப்ப பெருக்கு" என்றார். அச்சொல்லிலே மகள் இடறினாள். "வத்து எண்டால் என்ன, அப்பம்மா?" தாயார் கையை நீட்டிக் காட்டினார். காலையில் சேற்றில் கிடந்த படகுகள் இப்பொழுது நிமிர்ந்து நீரில் ஆடிக்கொண்டிருந்தன. மகளுக்கு விளங்கிவிட்டது. ஆங்கிலச் சொல்லை அவள் சொன்னதும் மூதாட்டி தலையசைத்தார்.

பின்பு மூதாட்டி தமது கதையைச் சொன்னார். அவருடைய பாட்டி சிறுமியாயிருந்த காலத்தில், பாடசாலையில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்களாம். இன்னொரு பிள்ளை அம்மொழியைப் பேசிப் பிடிபட்டால் அது அப்பிள்ளைக்கு மாறும். மாலையில் எவர் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. 'வெல்ஷ் நொட்' எனப்பட்ட அம்முறை 19ஆம் நூற்றாண்டிலே பல பாடசாலைகளில் இருந்தமை வரலாற்று உண்மை. 1847இல் வெளிவந்த அரசாங்க அறிக்கையொன்றும், அம்மக்களின் பின்தங்கிய நிலைக்கு அவர்களின் மொழியே காரணம் எனப் பழித்தது. "என் பாட்டி எங்கள் தாயாருக்கு அம்மொழியைக் கொடுத்தார்; தாயார் எனக்குக் கொடுத்தார்" என முடித்தார் மூதாட்டி.

இதை மகள் தமிழில் சொன்னாள். தண்டனை என்ற சொல் வரவில்லை, "அடி" என்றாள். கழுத்து வந்தது, மரத்துண்டு "பலகை" ஆயிற்று. தாயார் முழுவதையும் கேட்டுவிட்டுச் சற்று மௌனமாயிருந்தார். பின்னர், "உன்ர அப்பப்பாவுக்கும் அப்பிடித்தான் பிள்ளை" என்றார்.

எமது தந்தையார் கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். 1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபின், சிங்களப் பரீட்சையில் தேறாத உத்தியோகத்தருக்கு உயர்வு இல்லை என்றாயிற்று. சில ஆண்டுகள் பொறுத்துப் பார்த்து, பின் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பித் தோட்டம் செய்தார். "அவர் ஒருநாளும் கோவிச்சுப் பேசேல்லை. பேப்பரை மட்டும் தமிழில உரத்து வாசிப்பார், றோட்டுக்குக் கேக்க" என்றார் தாயார்.

இதனை மகள் மூதாட்டிக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அவள் குரல் தழுதழுத்தது. மூதாட்டி தாயாரின் கையைப் பற்றிக்கொண்டார். எமது கையிலிருந்த பொரியல் ஆறிப்போயிருந்தது.

பிரியும்போது அவர் எமக்கு ஒரு பை நிறைய மட்டி கொடுத்தார். அவருடைய மகன், சிறு படகிலிருந்து நீண்ட கோலுடைய வாரியினால் ஆற்று முகத்துவாரத்தில் மட்டி வாருபவராம். அன்றிரவு கரவனின் சிறிய அடுப்பிலே தாயார் மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பால் மாவும் சேர்த்து அதைக் காய்ச்சினார். கூரையின் ஒரு மூலையில் மழைநீர் சொட்டச் சொட்ட, கீழே சட்டியை வைத்துவிட்டு, பாணைத் தோய்த்து உண்டோம்.

உண்டபின் மகள் எம்மிடம் கேட்டாள்: "அப்பப்பாவைப் பற்றி ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை?"

ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எமக்கு வரவில்லை. தமிழில் சொன்னால் அவளுக்கு விளங்காது என்று நாமே எண்ணிக்கொண்டோம். இதுவே உண்மை. அதை அப்படியே அவளிடம் சொன்னோம். அவள் மறுமொழி சொல்லவில்லை.

பின் நிகழ்ந்தவை

அடுத்த சனிக்கிழமை மகள் துள்ளிக் குதித்துத் தமிழ்ப் பாடசாலைக்குப் போனாள் என்று எழுதினால் அது பொய்யாகும். முகத்தைச் சுளித்துக்கொண்டே போனாள். ஆனால் நிறுத்துவது பற்றிப் பேசவில்லை. சில நாட்களின் பின், அவளது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வற்று, பெருக்கு, மட்டி, வழுக்கியாறு, தண்டனை, எழுதுவினைஞர் என்னும் சொற்கள் பிழையும் திருத்தமுமாக எழுதப்பட்டிருக்கக் கண்டோம். மாலை வேளைகளில் அப்பம்மாவின் கட்டிலில் ஏறி அமர்ந்து கதை கேட்கலானாள். கேள்விகள் பாதி ஆங்கிலத்தில் இருக்கும். பதில்கள் முழுவதும் தமிழில் வரும்.

மகனின் கதை வேறு. அவன் பத்து வயதில் தமிழ் வகுப்பை விட்டான். இன்று தமிழ் கேட்டால் விளங்கும், பேச வராது. அவனை நாம் குறை கூறோம். அவன் அன்று கோட்டைக்குள் இருந்தான். அந்த வாங்கில் அவனை எவரும் அமர்த்தவில்லை. அவன் வளர்ந்த ஆண்டுகளில் எமது வேலை நேரமும் கூடிற்று. குறை எம்முடையதே.

வெல்ஷ் மொழியின் நிலையையும் மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. 1588இலேயே வில்லியம் மோர்கன் என்பவர் விவிலியம் முழுவதையும் அம்மொழியில் பெயர்த்து அச்சேற்றினார். அம்மொழியில் ஒளிபரப்பும் தொலைக்காட்சி 1982இல் தொடங்கிற்று. 2011இல் சட்டப்படி உத்தியோக மொழி என்ற தகுதியும் கிட்டிற்று. அவ்வாறிருந்தும், 2021ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கின்படி வேல்ஸில் மூன்று வயதுக்கு மேற்பட்டோரில் 17.8 வீதத்தினரே வெல்ஷ் பேச வல்லோர். பத்தாண்டுகளுக்கு முன் அது 19 வீதமாயிருந்தது. சட்டமும் பலகைகளும் வேண்டியவையே. ஆயினும், துறையின் வாங்கில் ஒரு பாட்டியும் பேரப்பிள்ளையும் பேசாதவிடத்து அவை போதா.

எமது தாயார் ஊரை மீண்டும் காணாமலே 2007இல் இலண்டனில் காலமானார். 2016இல் மகள் காரைநகர் சென்றாள். கடற்கோட்டை தெரியும் கரையிலிருந்து எமக்குத் தொலைபேசியில் அழைத்து, "அப்பா, இப்ப வத்து" என்றாள். அதன்பின் இருவராலும் சிறிது நேரம் பேச முடியவில்லை. இன்று அவள் தன் மகளை இப்பாடசாலையின் பாலர் வகுப்புக்கு அழைத்து வருகின்றாள். "யாரோடு பேசுவது?" என்னும் கேள்வி அச்சிறுமியிடமிருந்தும் ஒருநாள் வரும். அப்பொழுது சொற்பொழிவு செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கின்றோம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு எங்காவது ஓர் ஆற்றங்கரைக்குப் போவோம். வாங்கிலே பக்கத்தில் அமர்ந்து கதை சொல்வோம்.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு விளங்காது என்று எண்ணி எதனையும் சொல்லாது விடாதீர்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டு முதியோரிடம் அவர்களது ஊர் எப்படிப்பட்டது என்று ஒருமுறை கேளுங்கள். சொல் இடறினால், வெட்கப்படாது பொருளைக் கேளுங்கள். அவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள்.